குப்பனூர் வழி

போன ஆவணியில் ஒரு மத்தியானம். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து ஒரு வாய்கூட வைக்கவில்லை, ரிசப்ஷனில் இருக்கும் பெண் ஓடி வந்தாள். "அக்கா, நேத்து மலையில இருந்து ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தாங்கல்ல, அந்தம்மா ரிப்போர்ட்டை வச்சுக்கிட்டு அழுதுட்டு இருக்காங்க. டாக்டர் வேற கிளம்பிட்டாரு. நீங்க கொஞ்சம் வாங்களேன்."

போனேன். ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஏற்காட்டு மலையில் நாகலூர்ப் பக்கம். வீட்டுக்காரருக்கு ஒரு மாதமாகத் தலைசுற்றல். மிளகுக் கொடியைக் கட்ட ஏணி போட்டு ஏறினவர் பாதியிலேயே இறங்கிவிட்டாராம். அதற்காக மூளைக்கு எம்.ஆர்.ஐ., கூடவே ரத்தக் குழாய்களுக்கு எம்.ஆர்.ஏ. முந்தின நாள் நான்தான் எடுத்தேன். ரிப்போர்ட்டில் கட்டி இல்லை, அடைப்பு இல்லை, ரத்தக்கசிவு இல்லை. ஆனால் அந்த அம்மாவின் விரல் இரண்டாம் பக்கத்தில் ஒரே வரியை விட்டு நகரவில்லை. "லெஃப்ட் பிசிஏ ஷோஸ் ஃபீட்டல் ஆரிஜின் – நார்மல் வேரியன்ட்."

காலேஜ் படிக்கும் அண்ணன் மகன் போனிலேயே அதைத் தமிழாக்கிச் சொல்லியிருக்கிறான். "கருவுல இருந்தே நரம்பு கோளாறாமேங்க? அறுபது வருசமா அது தலைக்குள்ளயே இருந்துச்சுங்களா?"

நான் சேலத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் டெக்னீஷியன். ரிப்போர்ட் எழுதுவது ரேடியாலஜிஸ்ட், விளக்கம் சொல்லவேண்டியது ஸ்கேனுக்கு எழுதிக்கொடுத்த டாக்டர். நடுவில் எனக்குப் படம் எடுப்பதோடு வேலை முடிந்தது. இந்தப் பத்தொன்பது வருடத்தில் நான் அதிகம் சொன்ன வாக்கியம் "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று நினைப்பீர்கள். கிடையாது. "டாக்டர்கிட்டயே கேட்டுக்குங்கம்மா" என்பதுதான். அன்றைக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. அந்த அம்மாவிடம் என்ன சொன்னேன் என்பதற்கு அப்புறம் வருகிறேன். அதற்கு முன்னால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருக்கிற விஷயத்தை எழுதிவிட வேண்டும். பல நாள் ஆசை.

முதலில் "நரம்பு". நம் ஊரில் இந்த ஒரு சொல் எத்தனை வேலைதான் பார்க்கும்! கையில் ஊசி போடத் தேடுவதும் நரம்பு, கெண்டைக்காலில் சுருட்டிக்கொண்டு நிற்பதும் நரம்பு, "நரம்புத் தளர்ச்சி" என்று சுவரில் எழுதியிருப்பதும் நரம்பு, மூளையில் வெடித்ததும் நரம்பு. ரத்தம் கொண்டுபோகும் தமனி, திரும்பக் கொண்டுவரும் சிரை, செய்தி கொண்டுபோகும் நிஜமான நரம்பு எல்லாம் ஒரே பெயரில் அடங்கிவிட்டன. அதனால் "ரத்தக் குழாய் வேற மாதிரி அமைஞ்சிருக்கு" என்று எழுதினாலும் கேட்பவர் காதில் "நரம்பு கோளாறு" என்றுதான் விழும். அண்ணன் மகனைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

மூளைக்கு ரத்தம் நான்கு குழாய்களில் போகிறது. கழுத்தின் முன்பக்கம் இரண்டு கரோட்டிட். தொண்டைக்குப் பக்கத்தில் விரலை வைத்தால் துடிக்குமே, அது. பின்பக்கம் இரண்டு வெர்டிப்ரல். இவற்றைத் தொட்டுப் பார்க்க முடியாது. கழுத்தெலும்புகளின் பக்கவாட்டு ஓட்டைகள் வழியாக, ஊசியில் நூல் கோத்தது மாதிரி மேலே ஏறிப் போகும். மண்டைக்குள் நுழைந்ததும் பின் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து பேசிலார் என்ற ஒரே குழாய் ஆகின்றன. முன் இரண்டும் பேசிலாரும் மூளைக்கு அடியில் சின்னச் சின்ன இணைப்புக் குழாய்களால் கைகோத்துக்கொண்டு ஒரு வளையம் ஆகின்றன. ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வட்டாரத்தில் எல்லாம் முடிந்துவிடும். அந்த வளையத்திலிருந்து முன்னாலும் நடுவிலும் பின்னாலும் பக்கத்துக்கு ஒன்றாக ஆறு பெரிய கிளைகள் கிளம்பி மூளைக்குப் பங்கு வைக்கின்றன. பின்னால் போகிற இரண்டுதான் ரிப்போர்ட்டில் இருந்த பிசிஏ.

மூளை நம் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குதான். ஆனால் இதயம் இறைக்கும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரை அதற்கே போகிறது, நிமிடத்துக்குச் சுமார் 750 மில்லி. டாஸ்மாக் கணக்கில் சொன்னால் நிமிடத்துக்கு ஒரு ஃபுல். ஐந்து பத்து நொடி நின்றாலே ஆள் சாய்ந்துவிடுவார். இப்படிப்பட்ட ஒரு பேராசைக்காரனுக்கு நான்கு வழி வைத்து, நான்கையும் ஒன்றோடொன்று கோத்தும் வைத்திருப்பது நியாயமான ஏற்பாடுதான்.

பாடப்புத்தகத்தில் இந்த வளையம் கோலம் மாதிரி இருக்கும். இடதும் வலதும் ஒரே அளவு, ஒரே வளைவு. டிப்ளமா படிக்கும்போது அதைக் கலர் பென்சிலால் வரைந்து மார்க் வாங்கினேன். வேலைக்குச் சேர்ந்து மானிட்டரில் நிஜத் தலைகளைப் பார்க்க ஆரம்பித்தபோதுதான் புரிந்தது, அந்தப் படத்தில் உள்ள மாதிரி ஆட்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒருவருக்கு இணைப்புக் குழாய் மயிர் மாதிரி மெலிந்திருக்கும். ஒருவருக்கு அது இருக்கும் தடமே தெரியாது. 1959-ல் ஆல்பர்ஸ் என்பவரின் குழு நோய் இல்லாத 350 மூளைகளை எடுத்து அடியில் பார்த்தது. புத்தகத்தில் உள்ள மாதிரி வளையம் இருந்தது 52 சதவீதத்தில். எதை மெலிவு என்று சொல்வது என்ற விதியைக் கொஞ்சம் இறுக்கினால் அது ஐந்தில் ஒன்றாகவும் இறங்கிவிடும். இதைக் கேட்டபிறகு "நார்மல்" என்று டைப் அடிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

என் தலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சென்டரில் முதல் எம்.ஆர். மெஷினை இறக்கிய சமயம். மெஷின் என்றால் அது மட்டுமில்லை, சுற்றிலும் செம்புத் தகடு அடித்த ஒரு அறையும் சேர்த்து; வெளியிலிருந்து ரேடியோ அலை உள்ளே வரக்கூடாது. கம்பெனி இன்ஜினியர் எல்லாம் சரிபார்த்துவிட்டு, "யாராவது ஒரு தலை வேணுமே" என்றார். இருந்ததில் சின்னவள் நான். காதில் பஞ்சை வைத்துக்கொண்டு படுத்தேன். தலைக்கு மேல் காயில் என்று ஒரு கூண்டு மாட்டுவார்கள். உள்ளே போனால் கட்டைச் சுவரில் யாரோ சுத்தியல் கொண்டு தட்டுகிற சத்தம். அரைத் தூக்கத்தில் இருந்தபோது இன்ஜினியர் மைக்கில், "மேடம், உங்களுக்கு ஏ-ஒன் ஒரு பக்கம் காணோமே" என்றார், ஏதோ செருப்பு காணாமல் போன மாதிரி.

எழுந்து வந்து பார்த்தேன். கரோட்டிட்டிலிருந்து முன்மூளைக்குப் போகும் குழாயின் முதல் துண்டுதான் ஏ-ஒன். இடது பக்கம் தடிமனாக இருந்தது. வலது பக்கம் வெறும் கறுப்பு. இடதிலிருந்தே ஒரு சின்ன இணைப்பு வழியாக வலது முன்மூளைக்கும் ரத்தம் போய்க்கொண்டிருந்தது. ஃபிலிமெல்லாம் போடவில்லை, சோதனைக்கு எடுத்ததுதானே. கன்சோலில் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். இருபத்து நான்கு வருடம் பள்ளிக்கூடம், காலேஜ், சைக்கிள், காதல் எல்லாவற்றையும் ஒரு பக்கக் குழாயை வைத்தே ஓட்டியிருக்கிறேன்.

இந்தப் படம் எப்படி விழுகிறது என்பதைச் சொல்லாவிட்டால் அடுத்தது புரியாது. இதற்கு ஊசி மருந்து வேண்டாம். மெஷின் ஒரு பட்டையில் இருக்கும் எல்லாத் திசுவையும் திரும்பத் திரும்ப ரேடியோ அலையால் அடித்துக் களைப்பாக்கிவிடும். அங்கேயே கிடக்கும் திசு மங்கிவிடும். வெளியே இருந்து புதிதாகப் பாய்ந்து வரும் ரத்தம் அடிபடாததால் பளீரென்று தெரியும். ஆக, நாம் பார்ப்பது குழாயை இல்லை, ஓட்டத்தை. ஓட்டம் மெதுவானால் குழாய் இருந்தும் படத்தில் மங்கிப்போகும், சில சமயம் காணாமலே போகும். "காணோம்" என்ற என் ஏ-ஒன்கூட நூல் மாதிரி அங்கே இருக்கலாம்.

இதனால்தான் ஒரு பக்க வெர்டிப்ரல் மெலிந்து தெரிந்தால் டாக்டர் உடனே எதுவும் எழுத மாட்டார். பிறவியிலேயே சிறுத்ததா, நேற்று ராத்திரி அடைத்துக்கொண்டதா? படத்தில் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். ஒரு பெரியவருக்கு அப்படி வந்தபோது எங்கள் டாக்டர் கழுத்துக்கு மெல்லிய சி.டி. வெட்டுகள் கேட்டார். குழாயைப் பார்க்கவே இல்லை, எலும்பின் ஓட்டையைப் பார்த்தார். இடது பக்க ஓட்டையில் கொண்டைக்கடலை நுழையும். வலது பக்க ஓட்டையில் மிளகே திணறும். குழாய் எந்தத் தடிமனில் வளர்ந்ததோ அந்த அளவுக்குத்தான் எலும்பு இடம் விட்டிருக்கும். "இது பொறந்ததுல இருந்தே சின்னதும்மா, எழுதிக்கோ" என்றார். பத்தொன்பது வருடத்தில் எனக்குக் கிடைத்த சிறந்த பாடங்களில் அது ஒன்று. பொதுவாகவே இரண்டு வெர்டிப்ரலும் சம அளவில் இருப்பது குறைவு. இடது பெரிதாக இருப்பவர்கள்தான் அதிகம். நூற்றில் நான்கைந்து பேருக்கு அந்த இடது வெர்டிப்ரல் கைக்குப் போகும் குழாயிலிருந்து கிளம்பாமல் இதயத்திலிருந்து வரும் பெரிய வளைவிலிருந்தே நேராகக் கிளம்பிவிடும்.

ஏன் இப்படி ஆளுக்கு ஒரு மாதிரி? கரு உருவாகும் ஆரம்ப வாரங்களில் வெர்டிப்ரல், பேசிலார் எதுவும் முழுசாக இருக்காது. மூளையின் பின்பக்கத்துக்கும் கரோட்டிட்தான் படியளக்கும், சில தற்காலிகக் குழாய்கள் வழியாக. பிறகு பின்பக்கத்துக் குழாய்கள் வளர்ந்து வேலையை வாங்கிக்கொள்ளும்; பழைய வழி சுருங்கும். எஸ்டேட்டுக்குள் ஒற்றையடிப் பாதை விழுவது மாதிரிதான் இது. ஆட்கள் நடக்க நடக்க தடம் அகலமாகும், நடக்காததில் புல் மூடிவிடும். குழாயின் உள்சுவருக்கு ஓட்டத்தின் உரசல் தெரியும். அதிகம் ஓடினால் விரியும், குறைந்தால் ஒடுங்கும். பத்துப் பேரில் ஒருவருக்கு, சில கணக்குகளில் மூன்று பேருக்கு, ஒரு பக்கத்திலாவது அந்தப் பழைய பாதையே கடைசிவரை பெரிய பாதையாக நின்றுவிடுகிறது. அதற்குப் பெயர்தான் "ஃபீட்டல் ஆரிஜின்". கருவில் வந்த கோளாறு என்று இதற்கு அர்த்தம் இல்லை. கருவில் எல்லோருக்கும் இருந்தது, இவருக்கு மாறாமல் அப்படியே இருக்கிறது, அவ்வளவுதான். அந்தத் தற்காலிகக் குழாய்களில் ஒன்றான ட்ரைஜெமினல் அபூர்வமாக மூடாமலே நின்றுவிடும், ஆயிரத்தில் ஒருவரிலிருந்து ஆறு பேர் வரை. நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். இரண்டு முறையும் பக்கத்து அறையில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன்.

வளையத்துக்கு "சர்க்கிள் ஆஃப் வில்லிஸ்" என்று பெயர். தாமஸ் வில்லிஸ், ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியர். 1664-ல் மூளையைப் பற்றி லத்தீனில் ஒரு புத்தகம் போட்டார். அதற்குப் படம் வரைந்தவர் கிறிஸ்டோபர் ரென். பின்னாளில் லண்டன் செயின்ட் பால்ஸ் பேராலயத்தைக் கட்டினாரே, அவரேதான். குழாய்களை ஒரு கட்டடக்காரர் வரைந்தார் என்பதில் எனக்கு ஒரு திருப்தி. வில்லிஸுக்கு முன்பே இந்த வளையத்தின் துண்டுகளை மற்றவர்கள் பார்த்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் அது எதற்கு என்று கேட்டவர் அவர். ஒரு பக்கக் கரோட்டிட்டில் நிறமேற்றிய திரவத்தைச் செலுத்தினார்கள்; அது மறுபக்கத்துக் குழாய்களிலும் போய் நின்றது. இன்னொருவர் வயிற்றுக் கட்டியால் செத்துப்போனவர். பிரித்துப் பார்த்தால் வலது கரோட்டிட் மண்டைக்குள் கல்லாகி, உள்வழி ஏறக்குறைய மூடியே போயிருக்கிறது. மனிதர் வாதம் வந்து விழவில்லை. ஏன் என்று தேடினால், அதே பக்கத்து வெர்டிப்ரல் அடுத்த பக்கத்தைப்போல் மூன்று மடங்கு பெருத்திருந்தது. 360 வருடத்துக்கு முன்னால், ஸ்கேன் இல்லை, கரண்ட் இல்லை, கத்தியும் கண்ணும் மட்டும். உயிரோடிருப்பவரின் மூளைக் குழாய்களைப் படம் பிடிக்க 1927 வரை, லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் எக்ஸ்ரேயில் எடுத்துக் காட்டும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

வில்லிஸுக்கு முன்னால் நடந்த கூத்து இன்னும் சுவை. கேலன் என்ற பழைய கிரேக்க வைத்தியர், மூளைக்கு அடியில் ஒரு "அதிசய வலை" இருக்கிறது, உயிர்ச் சக்தி அங்கேதான் புடம் போடப்படுகிறது என்று எழுதிவைத்தார். ஆயிரம் வருடத்துக்கு மேல் எல்லோரும் அதையே ஒப்பித்தார்கள். மனிதத் தலையில் அப்படி ஒன்று கிடையாது. அவர் அறுத்துப் பார்த்தது விலங்குகளை. ஆட்டுக்கு இருக்கிறது, மாட்டுக்கு இருக்கிறது. வெயிலில் ஓடும்போது மூக்கு வழியே குளிர்ந்து வரும் ரத்தத்தைக் கொண்டு மூளையைச் சூடேறாமல் வைக்கிற ஏற்பாடு அது. 1543-ல் வெசாலியஸ் இதைப் போட்டு உடைத்தார். மனிதத் தலையை எல்லோர் முன்னும் அறுத்துக் காட்டும்போதெல்லாம் ஆட்டுத் தலையோ மாட்டுத் தலையோ ஒன்றைப் பக்கத்தில் தயாராக வைத்திருந்து, மனிதனிடம் காணாத வலையை அதில் காட்டிச் சமாளித்தேன் என்று தானே வெட்கத்தோடு எழுதினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாபேட்டைக் கறிக்கடையில் "மூளை ஒண்ணு தனியா வைங்கண்ணா" என்று நிற்கும்போது எனக்கு வெசாலியஸ் ஞாபகம் வந்துவிடும். கடைக்காரர் தலையைப் பிளந்து, மூளையை அலுங்காமல் வழித்து எடுத்துத் தாமரை இலையில் வைப்பார். அடியில் இருக்கும் சிவப்புக் கொசகொசப்பை விரலால் தள்ளிவிட்டுப் போவார். ஆயிரம் வருடத் தத்துவம் அது.

மாடு என்றதும் இன்னொன்று. மார்பில் பெரிய வளைவிலிருந்து மூன்று கிளை தனித்தனியாகக் கிளம்ப வேண்டும். சிலருக்கு முதல் இரண்டும் ஒரே வாயில் கிளம்பும். இதற்கு "போவைன் ஆர்ச்", மாட்டு வளைவு என்று உலகமெங்கும் பெயர். மாட்டுக்கு அப்படி இருப்பதில்லை, மாட்டுக்கு எல்லாம் சேர்ந்து ஒரே அடிமரம்தான். தப்பான பெயர் என்று தெரிந்தும் விடமாட்டேன் என்கிறார்கள்.

சரி, இவ்வளவு மாறுபாடும் ஒன்றும் செய்யாதா? இங்கேதான் நான் "நார்மல்" என்ற சொல்லோடு சண்டை போடுகிறேன். சாதாரண நாளில் ஒன்றும் செய்யாது. எங்காவது அடைத்துக்கொள்ளும் நாளில்தான் வித்தியாசம். வில்லிஸ் பார்த்தவருக்கு மாற்று வழி இருந்தது, வாதத்துக்குத் தப்பினார். இணைப்பு மெலிந்த இன்னொருவருக்கு அதே அடைப்பு அரை மூளையைக் கொண்டுபோகும்.

எட்டு வருடம் முன்பு, தறிக்காரர் ஒருவர், நாற்பது வயது. காலையில் எழவில்லை. உலுக்கினால் கண் திறப்பார், மறுபடி தூக்கம். கை கால் இழுக்கவில்லை, வாய் கோணவில்லை. ராத்திரி குடித்துவிட்டு வந்திருப்பார் என்று மதியம்வரை விட்டுவிட்டார்கள். முதலில் எடுத்த சி.டி.யில் ஒன்றும் தெரியவில்லை. ஆரம்ப மணிநேரங்களில் தெரியாதுதான். எங்களிடம் எம்.ஆர்.ஐ.க்கு வந்தார். படம் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டு வந்தது, மூளையின் நடுப்பகுதிக்கு வந்ததும் நடுக்கோட்டுக்கு இரண்டு பக்கமும் இரண்டு வெள்ளைப் பொட்டு. இருட்டில் பூனைக்கண் மாதிரி. இடதுக்கு ஒரு குழாய் வலதுக்கு ஒரு குழாய் என்றால் இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி அடைக்கும்? டாக்டர் திரையைப் பார்த்துக்கொண்டே, "பெர்ஷெரான்" என்றார். ஜெரார் பெர்ஷெரான் என்ற பிரெஞ்சுக்காரர் 1973-ல் விவரித்த அமைப்பு. சிலருக்குத் தலாமஸின் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே சின்னத் தண்டிலிருந்து ரத்தம் போகும். விழிப்பையும் தூக்கத்தையும் கட்டிக்காக்கிற இடம் அது. அந்த ஒற்றைத் தண்டு அடைத்தால் இரண்டு பக்கமும் போய்விடும். எம்.ஆர்.ஏ.யில் அந்தக் குழாயைப் பார்க்கவே முடியாது, அவ்வளவு மெலிசு. பொட்டுகளை வைத்து இருக்கிறது என்று ஊகிக்க வேண்டியதுதான். அவர் பிழைத்தார். ஆறு மாதம் கழித்து மறு ஸ்கேனுக்கு வந்தபோது கண்ணை மட்டும் உயர்த்தி என்னைப் பார்க்க முடியாமல் தலையையே பின்னால் சாய்த்துப் பார்த்தார். எந்தத் தறியில் எந்தப் பாவு ஓடுகிறது என்பது மறந்துபோகிறது என்று மனைவி சொன்னார்.

அவர் வாழ்நாளெல்லாம் அந்த ஒற்றைத் தண்டோடுதான் இருந்திருக்கிறார். குடித்தார் என்று நினைத்து விட்ட அந்த நான்கைந்து மணிநேரம்தான் எனக்கு உறுத்துகிறது. அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நான்கரை மணிநேரத்துக்குள் போட வேண்டும். பெரிய குழாய் அடைத்தால் நிமிடத்துக்குப் பத்தொன்பது லட்சம் நரம்புச் செல்கள் போகும் என்று ஒரு கணக்கு உண்டு. எழுப்பினால் எழாத ஆளுக்கும் 108-ஐக் கூப்பிடலாம். குடித்திருந்தால் டிரைவர் திட்டுவார், திட்டட்டும்.

என் விஷயத்தில், ஏ-ஒன் ஒரு பக்கம் இல்லாதவர்களுக்கு மறுபக்கம் இரட்டைச் சுமை. அந்த வேகம் மோதுகிற முக்கில், முன் இணைப்பில், குழாய் பலூன் மாதிரி புடைக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். இதைப் படித்த ராத்திரி தூங்கவில்லை. தெரிந்த நரம்பியல் டாக்டரிடம் கேட்டேன். "புடைப்பு இருக்கா?" இல்லை. "அப்புறம் என்ன? பி.பி.யை ஏற விடாதீங்க, சிகரெட் பிடிக்காதீங்க." சிகரெட்டா, நானா என்று சிரித்துக்கொண்டே வந்தேன். பி.பி.க்குச் சிரிக்கவில்லை. அது எங்கள் வீட்டுச் சொத்து. அம்மா மாத்திரையை முருங்கைச் செடிக்குப் போட்டு ஏமாற்றியவர்.

இப்போது நாகலூர் அம்மாவிடம் வருகிறேன். ஃபிலிம் கவரின் பின்பக்கம் பால்பாயிண்ட் பேனாவால் வளையத்தை வரைந்தேன். "இங்க பாருங்கம்மா, முன்னாடி ரெண்டு வழி, பின்னாடி ரெண்டு வழி. நிறையப் பேருக்குப் பின் மூளைக்குப் பின் வழியா ரத்தம் போகும். உங்க வீட்டுக்காரருக்கு இடது பக்கம் மட்டும் முன் வழியா வந்து, இப்படிச் சுத்தி, பின்னாடி போகுது. போய்ச் சேர வேண்டியது சேர்ந்துட்டு இருக்கு."

அந்தம்மா கோட்டின் மேல் விரலை வைத்து ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். "அப்ப எல்லாரும் அடிவாரம் வழியா ஏறுனா, இவரு குப்பனூர் வழியா ஏறுறாரு."

எனக்கு இது தோன்றவே இல்லை. ஏற்காட்டுக்கு அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு போட்ட ரோடு எல்லோருக்கும் தெரியும். கொட்டச்சேடு, குப்பனூர் வழியாக இறங்கும் ரோடு மலையில் இருப்பவர்களுக்குத்தான் நெருக்கம். மழையில் மண் சரிந்து பாறை உருண்டு பெரிய ரோட்டை மூடினால், கலெக்டர் ஆபீஸ் அறிவிப்பு வருவதற்குள் பால் வண்டி குப்பனூர்ப் பக்கம் திரும்பியிருக்கும்.

"அதேதாங்கம்மா" என்றேன்.

"அப்படின்னா குப்பனூர் ரோட்டுல மரம் விழுந்தா இவருக்குத்தான் கஷ்டம்."

இதற்குமேல் ஒரு ரேடியாலஜிஸ்ட்கூடச் சொல்ல முடியாது. அந்தப் பக்கக் கரோட்டிட்டில் அடைப்பு வந்தால் இவருக்கு முன் மூளையோடு பின் மூளையும், அதாவது பார்வையும், சேர்ந்து அடி வாங்கும். பார்வை போனதே என்று டாக்டர் பின் குழாயில் தேடிக்கொண்டிருப்பார், வினை கழுத்தின் முன்பக்கம் இருக்கும். ரிப்போர்ட்டில் அந்த ஒரு வரி உங்களுக்காக எழுதியதே இல்லை, என்றைக்காவது ஒரு ராத்திரி இவரை ஸ்ட்ரெச்சரில் பார்க்கப்போகும் முகம் தெரியாத டூட்டி டாக்டருக்கு எழுதினது என்று சொன்னேன். "அதனால இந்தப் படத்தைத் தூக்கிப் போட்றாதீங்க. கிரகணம் பார்க்கக் குடுத்துடாதீங்க. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் கையில எடுத்துட்டுப் போங்க."

தலைசுற்றலுக்குக் காரணம் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு என்று அனுப்பிய டாக்டர் பிறகு சொன்னாராம். அந்த வரிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அந்தம்மா ஃபிலிமைக் கவரில் போட்டு, கவரைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, அதன்மேல் முந்தானையைப் போர்த்திக்கொண்டார். மலையில் மழை. கிளம்பும்போது திரும்பி, "உனக்கு எப்படி கண்ணு, உன் தலைக்குள்ள?" என்றார். இந்தக் கேள்வியை ஒரு பேஷன்டும் கேட்டதில்லை. ஒரு பக்கம் ரோடே போடலைங்க, இன்னொரு பக்கத்துலதான் எல்லா வண்டியும் ஓடுது என்றேன்.

"அய்யோ. படத்தைப் பத்திரமா வச்சிருக்கியா?"

முழித்தேன். அந்தப் பழைய மெஷினைக் கழற்றிக்கொண்டு போய் ஆறு வருடம் ஆகிறது. அதன் ஹார்ட் டிஸ்க்கோடு என் தலையும் போயிருக்கும். சாயந்திரம் ஸ்டோர் ரூமில் டிவிடிப் பெட்டிகளைக் கொட்டித் தேடினேன், இல்லை.

டாக்டரிடம் சொல்லி வைத்திருந்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். தினமும் நான் மற்றவர்களிடம் நீட்டும் தட்டை ஜூனியர் பையன் என்னிடம் நீட்டினான். தாலிக்கொடியைக் கழற்றி மஞ்சள் கயிற்றை மாட்டிக்கொண்டேன். மெட்டி வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. செவ்வாய்ப்பேட்டையில் வாங்கின கொலுசின் திருகு மட்டும் இறுகிக் கிடந்து, கழற்றப் பத்து நிமிடம் ஆனது. "வெள்ளிதானக்கா, காந்தம் இழுக்காது, அப்படியே படுங்க" என்றான். கழற்றித்தான் படுத்தேன்.